தாத்தாவின் நெஞ்செரிச்சல் ஏன் நின்றது?

இந்த எபிசோடை வழக்கம்போல சென்னையில என் ரூமில் வைத்து ரெக்கார்ட் பண்ணவில்லை. திருவேங்கடத்தில், எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து பேசுகிறேன். தென்காசி மாவட்டம்னு சொன்னதும் எல்லாருக்கும் குற்றாலமும் சாரலும்தான் ஞாபகம் வரும். எங்க ஊர் அந்தத் தென்காசி இல்லை. சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே, கழுகுமலைக்கு வடக்கே, கரிசல் காடு. மேகம் மலையைத் தாண்டி வரும்போது மிச்சம் மீதி இருந்தா எங்களுக்கு. பக்கத்து வீட்டு ஆடு ரெண்டு மூணு தடவை குறுக்கே பேசியது. அதை எடிட்ல எடுத்தாச்சு.

ஊருக்கு வந்த காரணம் ஒரு ரிப்போர்ட். அப்பாவுக்கு 56 வயது. கொஞ்ச நாளாக அசதி. ரத்தப் பரிசோதனையில் ரத்தம் குறைவு என்று வந்ததால் திருநெல்வேலியில் எண்டோஸ்கோபி பார்த்தார்கள். வயிற்றின் உள்சுவரில் ஐந்து இடத்தில் துளித்துளியாகச் சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினார்கள். வந்த தாளில் இரண்டு வரிதான் இருந்தது. 'அட்ரோபிக் கேஸ்ட்ரைட்டிஸ். இன்டெஸ்டைனல் மெட்டாபிளேசியா.' அப்பா போனில் கேட்டார்: "எலே, என் வயிறு குடலா மாறிட்டு இருக்காம்ல. அப்படியும் ஒண்ணு உண்டா?"

உண்டு. அது எப்படித் தெரியவந்தது என்பதுதான் இன்றைய கதை. ஆனால் அதற்கு முன்னால் எங்க தாத்தாவைப் பற்றிச் சொல்லணும்.

தாத்தா பருத்திக் காட்டுச் சம்சாரி. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அவருக்கு நெஞ்செரிச்சல். மேல்சட்டைப் பையில் ஒரு பக்கம் பீடிக்கட்டு, இன்னொரு பக்கம் வெள்ளை மாத்திரை. வீட்டு அலமாரியில் இளஞ்சிவப்புத் திரவம் ஒரு பாட்டில் எப்பவும் இருக்கும். நான் அதைத் திருட்டுத்தனமாகக் குடித்துப் பார்த்திருக்கிறேன், புதினா வாசம் அடிக்கும். காலையில் பழைய சோறு, கடிச்சுக்க உப்பு நார்த்தங்காய் இல்லைன்னா மோர் மிளகாய். மழைக்காலத்தில் கருவாடு. ஆட்டை அறுத்தால் பாதி கறி உப்புக்கண்டமாகக் கொடியில் தொங்கும். எங்க வீட்டுக்கு பிரிட்ஜ் வந்தது 2006-ல்.

அறுபத்தி நாலு, அறுபத்தி அஞ்சு வயசு வாக்கில் தாத்தாவின் நெஞ்செரிச்சல் நின்றுவிட்டது. மருந்து எதுவும் மாற்றவில்லை, தானாகவே நின்றது. அவருக்குப் பெருமை. "வயிறு பழகிருச்சு" என்பார். ஆச்சி ஊர்க்கோயிலில் பொங்கல் வைத்தாள். இரண்டு வருஷம் கழித்து சாப்பாடு குறைந்தது. நாலு வாய் சாப்பிட்டதும் "வயிறு நெறஞ்சிருச்சு" என்று தட்டைத் தள்ளினார். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. 2009-ல் கண்டுபிடித்தபோது அது இரைப்பைப் புற்றுநோய், ஈரல் வரைக்கும் போயிருந்தது. நான் ஏழாங்கிளாஸ். நாலு மாதம்தான்.

அந்த நெஞ்செரிச்சல் ஏன் நின்றது என்ற கேள்வி எனக்கு அப்போது வரவில்லை. அப்பாவின் ரிப்போர்ட்டைப் படித்த பிறகுதான் வந்தது.

சரி, வரலாற்றுக்குப் போவோம். முதலில் ரொம்பத் தூரம் போக வேண்டாம், நெய்யூர் வரை போதும். கன்னியாகுமரி மாவட்டம். அன்றைக்கு அது திருவிதாங்கூர் சமஸ்தானம். நம்ம மாவட்டத்துச் செங்கோட்டையும் அப்போது திருவிதாங்கூர்தான், இரண்டு பகுதிகளும் இந்தப் பக்கம் வந்தது 1956 நவம்பர் 1-ல். நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவமனை 19-ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. அங்கே 1922-ல் ஒரு சுற்றுலாப் பயணி வந்தார். பெயர் தியோடர் ஹோவர்ட் சோமர்வெல். லண்டனில் பெரிய மருத்துவமனையில் வேலை காத்திருந்த அறுவை மருத்துவர். முதல் உலகப் போரில் சோம் போர்முனையில் வேலை பார்த்தவர். அந்த வருஷம் எவரெஸ்ட் ஏறும் குழுவில் போய்விட்டு, ஊருக்குத் திரும்பும் முன் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கலாம்னு தெற்கே வந்திருந்தார். நெய்யூரில் ஒரே ஒரு அறுவை மருத்துவரை நம்பி வரிசையில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். லண்டன் வேலையை விட்டுவிட்டு அங்கேயே வேலைக்குச் சேர முடிவெடுத்தார்.

1924-ல் மறுபடி எவரெஸ்ட். நீங்கள் மலையேற்ற வரலாறு படிக்கிறவர் என்றால் மல்லோரி, இர்வின் காணாமல்போன வருஷம் இதுதான் என்று தெரியும். மல்லோரியின் கையில் இருந்ததாகச் சொல்லப்படும், இன்னும் கிடைக்காத அந்தச் சின்ன கோடாக் கேமரா சோமர்வெல் கொடுத்தது. அதற்கு நாலு நாள் முன்னால், ஜூன் 4-ஆம் தேதி, சோமர்வெல் நார்ட்டன் என்பவருடன் ஏறத்தாழ 28,000 அடி வரை ஏறினார். ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல். இறங்கும்போது தொண்டை அடைத்தது. மூச்சு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. நார்ட்டன் முன்னால் போய்க்கொண்டிருந்தார், கூப்பிடக் குரல் இல்லை. பனியில் உட்கார்ந்து, அவ்வளவுதான் என்று நினைத்து, கடைசியாக ஒருமுறை இரண்டு கையாலும் நெஞ்சை அழுத்தினார். வாயிலிருந்து ரத்தத்தோடு ஒரு ஜவ்வு வந்து விழுந்தது. குளிரில் கருகிப்போன அவருடைய சொந்தத் தொண்டையின் உள்படலம். அதன் பிறகு பல நாளாக வராத மூச்சு சுகமாக வந்தது என்று பின்னாளில் எழுதினார்.

உடம்பின் உள்படலம் என்றால் என்ன என்பதை இப்படித் தெரிந்துகொண்ட வேறு டாக்டர் உலகத்தில் இருக்க வாய்ப்பில்லை. அவர்தான் திரும்பி வந்து இருபது வருஷத்துக்கும் மேலாக நெய்யூரில் வயிறு வயிறாக அறுத்தார். ஏனென்றால் அங்கே வந்த கூட்டத்தில் பெரிய பங்கு வயிற்றுப் புண்காரர்கள். குறிப்பாக முன்சிறுகுடலில், அதாவது இரைப்பை முடிந்து குடல் தொடங்கும் இடத்தில் வரும் புண். பசித்தால் வலி, நடுராத்திரி வலி, சாப்பிட்டால் கொஞ்சம் அடங்கும். வருஷக்கணக்காகப் புண் ஆறி ஆறித் தழும்பாகி வழி அடைத்துப்போய், சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வரும் நிலையில்தான் பலர் வந்தார்கள். சோமர்வெல் குடலை இழுத்து இரைப்பையில் வேறு இடத்தில் இணைத்து ஒரு மாற்றுப்பாதை போட்டுக் கொடுப்பார். நம்ம பாஷையில் சொன்னால் பைபாஸ் ரோடு. 1936-ல் அவரும் இயன் ஓர் என்ற சக மருத்துவரும் இந்த அனுபவத்தைப் பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் எழுதினார்கள். பிறகு அவர் வேலூர் சி.எம்.சி.யில் 1961 வரை பாடம் எடுத்தார்.

ஏன் இந்த ஊரில் மட்டும் இவ்வளவு புண்? அன்றைக்கு எல்லாரும் தட்டைத்தான் சந்தேகப்பட்டார்கள். திருவிதாங்கூர் ஏழைகளுக்கு அரிசி கட்டுப்படியாகாது, மரவள்ளிக்கிழங்குதான். அதனுடன் மிளகாய், புளி, கொஞ்சம் மீன். குன்னூர் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெக்காரிசன் என்ற விஞ்ஞானி ஊர் ஊராக மக்கள் சாப்பிடுவதை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். திருவிதாங்கூர்ச் சாப்பாடு சாப்பிட்ட எலிகளுக்கு வயிற்றில் புண் வந்தது, பஞ்சாப்காரர் சாப்பாடு சாப்பிட்டவை நன்றாக இருந்தன. மைசூரில் வேலை பார்த்த பிராங்க் டோவி என்ற அறுவை மருத்துவர் பின்னாளில் இந்தியா முழுக்கப் புண் வரைபடமே போட்டார். அரிசி சாப்பிடும் தெற்கில் அதிகம், கோதுமை சாப்பிடும் வடக்கில் குறைவு.

இதில் எதுவும் பொய் இல்லை. சாப்பாட்டுக்குப் பங்கு உண்டு. ஆனால் லாக் பைலில் பாதி வரிதான் அவர்களுக்குத் தெரிந்தது. மீதியைப் பார்க்க, உயிரோடு இருக்கும் மனிதனின் வயிற்றுக்குள் கண்ணை விடணும்.

அதற்கும் ஆள் இருந்தார். 1932-ல் மியூனிக்கில் ருடால்ப் ஷிண்ட்லர் ஓரளவு வளையும் இரைப்பைநோக்கி ஒன்றைச் செய்தார். வரிசையாக லென்ஸ் வைத்த குழாய், கத்தி விழுங்குகிற மாதிரி தலையைப் பின்னால் சாய்த்து விழுங்கணும். அதன் வழியாக அவர் பார்த்தது: சிலருடைய இரைப்பைச் சுவர் தடிப்பாக, சிவப்பாக இருக்கிறது. சிலருக்கு வெளிறி, மெலிந்து, அடியில் ரத்தக்குழாய் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருக்கிறது. அந்தத் தேய்மானத்துக்குத்தான் அட்ரோபி என்று பெயர், அப்பாவின் ரிப்போர்ட்டில் முதல் வார்த்தை. ஷிண்ட்லர் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1934-ல் நாஜிகள் அவரைப் பிடித்து டாக்காவ் முகாமில் அடைத்தார்கள். வெளியே வந்து சிகாகோவுக்குத் தப்பினார். அமெரிக்காவின் எண்டோஸ்கோபி அவரிடமிருந்துதான் தொடங்குகிறது.

நிஜமாகவே வளையும் குழாய்க்கு 1957 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இங்கே ஒரு சின்ன விலகல், இன்ஜினியர் புத்தி விடமாட்டேங்குது. பஞ்சாபில் மோகா என்ற ஊரில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் அவருடைய பேராசிரியர் ஹாப்கின்ஸும் 1954-ல் லண்டனில் கண்ணாடி இழைக் கட்டு வழியாகப் படத்தை வளைத்து அனுப்பிக் காட்டினார்கள். அதைப் படித்துவிட்டு அவர்களைப் போய்ப் பார்த்த பேசில் ஹிர்ஷோவிட்ஸ் என்ற இளம் டாக்டர், மிச்சிகனில் அந்த இழையை வைத்து எண்டோஸ்கோப் கட்டினார். முதல் நோயாளி யாருன்னா அவரேதான், தானே விழுங்கிப் பார்த்தார். இன்றைக்கு உங்கள் வீட்டு பைபர் இன்டர்நெட்டும் அப்பாவின் எண்டோஸ்கோபியும் ஒன்றுவிட்ட சகோதரர்கள்.

இதே நேரத்தில் ஜப்பானில் இரைப்பைப் புற்றுநோய் பெரும் கொள்ளையாக இருந்தது. அவர்கள் கேமராவை உள்ளே அனுப்பி, புற்று சுவரின் மேல் இரண்டு அடுக்கைத் தாண்டாத நிலையிலேயே பிடிக்க ஆரம்பித்தார்கள். 1962-ல் அதற்கு ஒரு வரையறையும் கொடுத்தார்கள்: ஆரம்பநிலை இரைப்பைப் புற்று. அந்தக் கட்டத்தில் பிடித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்து வருஷம் தாண்டி இருக்கிறார்கள். தாத்தாவுக்குக் கண்டுபிடித்த கட்டத்தில் அந்தக் கணக்குத் தலைகீழ்.

ஆனால் ஆரம்பத்துக்கு முன்னால் என்ன இருக்கிறது? இதைக் கேட்டவர் கொலம்பியாவில் காலி நகரத்து நோயியல் மருத்துவர் பெலாயோ கொரேயா. எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த ஆள். அவர் நாட்டின் தென்மேற்கில் நரீன்யோ என்ற மாகாணம். ஒரு பக்கம் ஆண்டிஸ் மலை, இன்னொரு பக்கம் துமாகோ என்ற கடற்கரை. நடுவில் சில நூறு கிலோமீட்டர்தான். மலையூர்களில் இரைப்பைப் புற்று கொத்துக்கொத்தாக வருகிறது, கடற்கரையில் அபூர்வம். கொரேயா ஊர் ஊராகப் போய் நோயில்லாதவர்களின் வயிற்றிலிருந்தும் சதை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். அவர் கண்டது ஒரு படிக்கட்டு. முதலில் சுவரில் அழற்சி. பத்து, இருபது வருஷத்தில் சுரப்பிகள் தேய்கின்றன. தேய்ந்த இடத்தில் இரைப்பைச் செல்லுக்குப் பதில் குடலில் இருக்க வேண்டிய செல் முளைக்கிறது. பிறகு அந்தச் செல்களின் உருவம் கோணலாகிறது. கடைசிப் படி புற்று. இதை 1975-ல் லான்செட் இதழில் எழுதினார்.

அப்பா கேட்டாரே, வயிறு குடலாக மாறுமா என்று, அது இந்தப் படிக்கட்டின் நடுப்படி. காட்டில் பருத்தி பட்டுப்போன இடத்தில் வேலிக்கருவை முளைக்கிற மாதிரி என்று அவருக்குச் சொன்னேன். "அப்போ அது முள்ளுதானே" என்றார். முள்தான், ஆனால் இன்னும் காடு முழுக்கப் பரவவில்லை.

படிக்கட்டு சரி, முதல் படியில் தள்ளிவிடுவது யார்? கொரேயா அப்போது உப்பு, தண்ணீரில் நைட்ரேட், பச்சைக் காய்கறி இல்லாமை என்றுதான் நினைத்தார். மறுபடி தட்டுதான்.

பதில் பெர்த்தில் கிடைத்தது. இது எல்லாருக்கும் தெரிந்த கதை என்பதால் வேகமாகச் சொல்கிறேன். 1979-ல் ராபின் வாரன் என்ற நோயியல் மருத்துவர் ராயல் பெர்த் மருத்துவமனையில் வயிற்றுச் சதையில் சுருள் சுருளாக பாக்டீரியா பார்த்தார். வயிற்று ஆசிடில் எந்தக் கிருமியும் வாழாது என்பது பாடப்புத்தகம், அதனால் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1981-ல் பேரி மார்ஷல் என்ற இளம் டாக்டர் கூடச் சேர்ந்தார். கிருமியை வளர்க்க எத்தனை தடவை முயன்றும் வரவில்லை, ஏனென்றால் இரண்டு நாளில் ஒன்றும் முளைக்கவில்லை என்றால் தட்டைத் தூக்கிப் போடுவது லேப் வழக்கம். 1982 ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் ஐந்து நாள் இன்குபேட்டரிலேயே கிடந்தன. திரும்பி வந்தால் முளைத்திருக்கிறது! டைம்அவுட்டைக் குறைவாக வைத்தால் மெதுவான சர்வர் செத்துப்போனது என்று நினைப்போமே, அதேதான். 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியைக் கலக்கிக் குடித்தார். சில நாளில் வாந்தி, வாய்நாற்றம், பத்தாம் நாள் எண்டோஸ்கோபியில் அழற்சி. 2005-ல் இருவருக்கும் நோபல். கிருமியின் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. 1994-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதைப் புகையிலை இருக்கும் அதே முதல் வகுப்பில் வைத்துவிட்டது.

இங்கேதான் எனக்குக் குழப்பம் வந்தது. நெய்யூரின் புண்ணுக்கும் இதே கிருமி, தாத்தாவின் புற்றுக்கும் இதே கிருமி என்றால், சோமர்வெல்லிடம் வந்த புண்காரர்கள் எல்லாருக்கும் பின்னால் புற்று வந்திருக்கணுமே?

நேர்மாறு. 1996-ல் ஸ்வீடனில் ஆயிரக்கணக்கான புண் நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்ததில், முன்சிறுகுடல் புண் இருந்தவர்களுக்கு இரைப்பைப் புற்று மற்றவர்களைவிடக் குறைவாக வந்தது. 2001-ல் ஜப்பானில் உவேமுராவும் சகாக்களும் 1,526 பேரைச் சராசரி எட்டு வருஷம் போலப் பின்தொடர்ந்தார்கள். கிருமி இல்லாத 280 பேரில் ஒருவருக்கும் புற்று இல்லை. கிருமி இருந்த 1,246 பேரில் 36 பேருக்கு வந்தது. அந்த 36-ல் முன்சிறுகுடல் புண்காரர் ஒருவர்கூட இல்லை.

காரணம், கிருமி எந்த இடத்தில் குடியேறிச் சண்டை போடுகிறது என்பது. இரைப்பையின் கீழ்வாசலில் மட்டும் அழற்சி இருந்தால் மேலே ஆசிட் சுரக்கும் பகுதி பிழைத்துக்கொள்கிறது. சொல்லப்போனால் ஆசிட் கூடுதலாகச் சுரந்து கீழே குடலைப் புண்ணாக்குகிறது. வலி, எரிச்சல், ராத்திரி தூக்கமின்மை எல்லாம் இந்தப் பாதையில். அழற்சி மேலே ஏறி இரைப்பையின் உடல்பகுதிக்குப் பரவினால் ஆசிட் சுரக்கும் செல்களே தேய்கின்றன. ஆசிட் குறைகிறது, எரிச்சலும் குறையலாம். வயிறு அமைதியாகிறது. புற்றுக்குப் போகும் பாதை இந்த அமைதியான பாதை.

தாத்தாவின் வயிற்றுக்குள் அப்போது யாரும் எட்டிப் பார்க்கவில்லை, அதனால் இதுதான் நடந்தது என்று அடித்துச் சொல்ல என்னிடம் ஒரு தாளும் இல்லை. ஆனால் ஆச்சி பொங்கல் வைத்த அந்த நாளை நான் இப்போது வேறு மாதிரிதான் நினைக்கிறேன். ஆச்சியிடம் இதைச் சொல்லவில்லை.

கேட்பவர்கள் இங்கே பயந்துவிட வேண்டாம். எரிச்சல் நின்றவர்களுக்கெல்லாம் புற்று என்று அர்த்தமே இல்லை. இந்தியாவில் பெரியவர்களில் பாதிக்கும் மேல் இந்தக் கிருமியைச் சின்ன வயதிலேயே வாங்கிக்கொள்கிறோம். குடும்பத்துக்குள்ளேதான் பெரும்பாலும் பரவுகிறது. அவ்வளவு கிருமி இருந்தும் இந்தியாவில் இரைப்பைப் புற்று ஜப்பான், கொரியா அளவுக்கு இல்லை. ஆராய்ச்சியாளர்கள் இதை 'இந்தியப் புதிர்' என்றே சொல்கிறார்கள். கொரேயாவின் மலைக்கும் கடலுக்கும்கூட இதே புதிர்: இரண்டு இடத்திலும் கிருமி ஏறத்தாழ சமம்தான். 2014-ல் வந்த ஒரு ஆய்வு, கிருமியின் பூர்வீகமும் மனிதனின் பூர்வீகமும் ஒத்துப்போனால் சேதம் குறைவு, பொருந்தாவிட்டால் அதிகம் என்று காட்டியது. வெர்ஷன் மிஸ்மேட்ச்!

ஆனால் இந்தியாவுக்குள்ளேயும் எல்லா ஊரும் ஒன்றில்லை. இது தெரிந்தது எண்ணியதால். அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் 1954-ல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கியது. அவருடைய தங்கை புற்றுநோயில் இறந்தார், முதலில் அதைச் சீதபேதி என்று நினைத்து வைத்தியம் பார்த்திருந்தார்கள். அந்த நிறுவனத்தில் 1980-களின் தொடக்கத்தில் சென்னைக்கான புற்றுநோய்ப் பதிவேடு ஆரம்பித்தார்கள். ஊழியர்கள் மருத்துவமனை மருத்துவமனையாகப் போய் ஒவ்வொரு நோயாளியையும் எழுதினார்கள். பம்பாய், பெங்களூர், சென்னை மூன்றையும் ஒப்பிட்டபோது சென்னை ஆண்களுக்கு முதலிடத்தில் இருந்தது இரைப்பைப் புற்று. இந்தியாவில் இதைவிட மோசம் மிசோரம்: புகையில் உலர்த்திய இறைச்சி, புகையிலைப் புகையைத் தண்ணீரில் இறக்கி அதை வாயில் வைத்துக்கொள்ளும் துய்புர் என்ற பழக்கம் எல்லாம் அங்கே ஆராயப்பட்டன.

சென்னையில் ஏன் என்று கஜலட்சுமியும் டாக்டர் சாந்தாவும் நோயாளிகளிடம் உட்கார்ந்து கேட்டு 1996-ல் எழுதினார்கள். புகைப்பவர்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆபத்து. அதில் சிகரெட்டைவிட பீடிக்கு அதிகம். ஊறுகாய் வகைகள் தனியாக ஒரு காரணி.

பீடி! எங்கள் மாவட்டத்திலும் பக்கத்துத் திருநெல்வேலியிலும் எத்தனை வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் பீடி சுற்றுகிறார்கள் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். பெண் பார்க்கப் போகும்போது பீடி சுற்றத் தெரியுமா என்று கேட்ட காலமெல்லாம் உண்டு. அந்த வருமானத்தில் படித்து ஐ.டி.க்கு வந்தவர்கள் என் டீமிலேயே இருக்கிறார்கள். அதை நான் கேலியாகச் சொல்லவில்லை.

உப்புக்கும் ஒரு வரி. உப்பில் ஊறவைத்த, உலர்த்திய உணவு வயிற்றுச் சுவரின் சளிக்கவசத்தைக் கெடுக்கிறது, கிருமிக்கு வழி விடுகிறது. 1930-களில் அமெரிக்க ஆண்களைப் புற்றுநோய்களில் அதிகம் கொன்றதே இரைப்பைப் புற்றுதான், அது பிறகு யாரும் திட்டமிடாமலேயே சரிந்தது. பல காரணங்களில் ஒன்று, வீட்டுக்கு வீடு பிரிட்ஜ் வந்ததும் உப்புக்கண்டம் தேவைப்படாமல் போனது. மிளகாய்தான் நம்ம ஆட்களின் நிரந்தரக் குற்றவாளி. அதன் மேல் ஆய்வுகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன. என் கணக்கில் மிளகாயைத் திட்டிக்கொண்டே பீடியை விட்டுவிட்டோம்.

இப்போது அப்பாவின் தாளுக்கு வருகிறேன். டாக்டர் ஒரு எண் சொன்னார், நானும் போய்ப் படித்துப் பார்த்தேன். நெதர்லாந்தில் 92,000-க்கும் மேற்பட்டவர்களின் பயாப்ஸிகளை வைத்து 2008-ல் போட்ட கணக்கு. சுவர் தேய்ந்தவர்களில் வருஷத்துக்கு ஆயிரத்தில் ஒருவருக்குப் புற்று. குடல்செல் முளைத்த நிலையில் ஆயிரத்தில் இரண்டு, மூன்று பேர். செல் உருவம் கடுமையாகக் கோணலாகிவிட்டால் நூற்றில் ஆறு. அதாவது நடுப்படியில் நிற்கிற பெரும்பாலானவர்கள் அங்கேயே நிற்கிறார்கள். ஆனால் அப்பாவுக்கு இன்னொரு விஷயம் கூட இருக்கிறது: அவர் அப்பா இந்த நோயில் இறந்தவர். நெப்போலியனுக்கும் அவன் அப்பாவுக்கும்கூட இரைப்பைப் புற்று என்றுதான் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகள் சொல்கின்றன. ரத்த உறவு ஒரு காரணி. ஒரே அடுப்பு, ஒரே கிருமி, ஒரே உப்பு ஜாடி, அதுவும் சேர்ந்துதான்.

கொரியாவில் இதைச் சரியாகக் கேட்டார்கள். இரைப்பைப் புற்று வந்தவர்களின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் கிருமி இருந்தவர்களுக்குப் பாதிப் பேருக்குக் கிருமி மருந்து, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. ஒன்பது வருஷம் கழித்து மருந்து வாங்கியவர்களில் 1.2 சதவீதம், மற்றவர்களில் 2.7 சதவீதம் பேருக்குப் புற்று. 2020-ல் வந்த முடிவு. அதே சமயம் சீனாவில் 2004-ல் வெளியான ஒரு ஆய்வு, படிக்கட்டில் ஏற்கெனவே ஏறிவிட்டவர்களுக்கு மருந்தின் பலன் தெளிவாகத் தெரியவில்லை என்றது. முதல் படியிலேயே கிருமியைக் கொன்றால் பலன் அதிகம், நடுப்படியில் கொன்றாலும் கண்காணிப்பு தேவை.

அப்பாவின் சதைத்துளியில் கிருமி இருந்தது. இரண்டு ஆன்டிபயாடிக், ஒரு ஆசிட் குறைக்கும் மாத்திரை, 14 நாள். வாய் முழுக்கக் கசப்பு, செம்பு நாணயத்தைச் சப்புகிற மாதிரி இருக்கு என்று புலம்பினார். ஒன்பதாம் நாள் நிறுத்தப் பார்த்தார், ஆச்சி விடவில்லை. பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும், நம்ம நாட்டில் ஏற்கெனவே சில மருந்துகளுக்குப் பழகித்தான் இருக்கிறது. அதனால் இதைக் கேட்டுவிட்டு யாரும் மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீங்க, தயவுசெஞ்சு. கிருமி போயிற்றா என்று நாலு வாரம் கழித்து மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ பார்க்கணும். அதற்கு இரண்டு வாரம் முன்பே ஆசிட் மாத்திரையை நிறுத்தணும், இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம். அப்பாவுக்குப் பார்த்தாச்சு, இல்லை என்று வந்தது.

எனக்கும் பார்த்தார்கள். மலப் பரிசோதனை, டப்பாவைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் சங்கரன்கோவில் போனதைத் தனி எபிசோடாகத்தான் சொல்லணும். கிருமி இருக்கிறது. இந்த ரெக்கார்டிங் முடித்து, ராத்திரி சாப்பிட்டுவிட்டு முதல் நாள் மாத்திரை.

தங்கச்சி கோயம்புத்தூரில் இருக்கிறாள், அவளையும் பார்க்கச் சொல்லியிருக்கு. அப்பா பீடியை விட்டு பதினோரு நாள் ஆகிறது, அதை நான் சத்தமாகச் சொல்லக் கூடாது என்று ஆச்சியின் உத்தரவு, கண் பட்டுவிடும். உப்பு நார்த்தங்காய் ஜாடி பரணுக்குப் போயிருக்கு. தூக்கிப் போட ஆச்சிக்கு மனசில்லை.

அடுத்த எண்டோஸ்கோபி மூன்று வருஷம் கழித்து. மறக்காமல் இருக்க அப்பா தீப்பெட்டிக் கம்பெனி காலண்டரை எடுத்தார். அதில் இந்த வருஷம் மட்டும்தான் இருக்கிறது. என் போனில் ரிமைண்டர் போடுகிறேன் என்றேன். போன் மாறிப்போகும்ல என்றார். கடைசியில் பீரோ கதவின் உள்பக்கம், தாத்தா விதைப்புத் தேதி எழுதி வைத்திருந்த இடத்துக்குக் கீழே, சாக்பீஸால் மாதத்தையும் வருஷத்தையும் எழுதியிருக்கிறார்.